செருப்பு கழன்று விழுகிறது என்றீர்களே, முதலில் அது

கேள்வி: என் கணவருக்கு 56 வயது. கண்டியில் பள்ளி அணியிலும் பிறகு இங்கே வேல்ஸில் ஊர்க் கிளப் ஒன்றிலுமாக 17 ஆண்டுகள் ரக்பி ஆடியவர். முன்வரிசை ஆட்டக்காரர். இரண்டு முறை மைதானத்திலேயே நினைவு தப்பியிருக்கிறது. அவரோடு ஆடிய இருவர் அண்மையில் இறந்துவிட்டார்கள், ஒருவர் மறதி நோயில். அதிலிருந்து இணையத்தில் படித்துவிட்டு, ஆறு மாதமாகத் தினமும் ஆஸ்பிரினும் ஜின்கோ என்ற இலை மருந்து மாத்திரையும் தானாகவே வாங்கிச் சாப்பிடுகிறார். பெயர்கள் மறக்கின்றன. காது இரைகிறது. கழுத்து வலி, குறட்டை, கண்ணிமையிலும் கெண்டைக்காலிலும் துடிப்பு. மூன்று வாரமாகக் காலையில் தலைவலி, பகலில் தூக்கம், பேசும்போது சொல் மாறுகிறது, வலது காலில் செருப்பு நிற்பதில்லை. இரண்டு மாதத்துக்கு முன் பரணிலிருந்து இறங்கும்போது உத்தரத்தில் தலை இடித்தது, சின்ன வீக்கம்தான். இவருக்கும் அந்த நோய் வந்துவிட்டதா? என்னை மறந்துவிடுவாரா? 16 வயது மகனும் ஆடுகிறான், நிறுத்திவிடவா?

ஒரு சகோதரி, ஸ்வான்சீ

பதில்: செருப்பைப் பற்றி முதலில் பேசுவோம். காது இரைச்சலுக்கும் குறட்டைக்கும் பின்னால், போகிற போக்கில் அதை எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரியும், பரணில் தலை இடித்த வரியும், ஆஸ்பிரினும் போதும். இன்றே அவரை மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். குடும்ப மருத்துவரிடம் நேரம் கேட்டுக் காத்திருக்க வேண்டாம். உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே இதை இரண்டு வரியில் மின்னஞ்சலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. அதனால்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

மூளைக்கும் அதன் தடித்த வெளியுறைக்கும் இடையே மெல்லிய சிரைகள் குறுக்கே ஓடுகின்றன. வயது ஏற ஏற மூளை சற்றே சுருங்கும், அந்தச் சிரைகள் இழுபட்டு நிற்கும். அப்போது ஒரு சின்ன இடி போதும், ஏதாவது ஒன்று கிழிந்து இரத்தம் கசியத் தொடங்கும். பீறிட்டு வராது, கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். இடித்த அன்று ஒன்றும் தெரியாது. வீக்கம் வற்றிவிடும். பலருக்கு இடித்ததே நினைவிருக்காது. சில வாரங்களோ இரண்டு மாதமோ கழித்து, சேர்ந்த இரத்தம் மூளையை ஒரு பக்கமாக அழுத்தும்போதுதான் தலைவலியும் தூக்கக் கலக்கமும் சொல் தடுமாற்றமும் ஒரு பக்கக் கை கால் சோர்வும் வருகின்றன. ஒரு நாள் தெளிவாக இருப்பார், மறுநாள் மந்தமாகிவிடுவார். அந்தத் தெளிவான நாளைப் பார்த்துத்தான் வீட்டார் ஏமாந்துபோகிறார்கள்.

பெரும்பாலோருக்குப் பேச்சையும் வலது காலையும் ஆள்வது மூளையின் இடது பாதி. உங்கள் கணவருக்கு இரண்டும் ஒரே மூன்று வாரத்தில் தடுமாறியிருக்கின்றன. இதை வயதான மறதி என்று ஒதுக்க என்னால் முடியாது. நான் அவரை நேரில் பார்க்கவில்லை. இரத்தக் கசிவாக இல்லாமல் சிறு பக்கவாதமாகவோ வேறொரு அழுத்தமாகவோ இருக்கலாம். எதுவாக இருந்தாலும் முதலில் எடுக்க வேண்டியது ஒரு சி.டி. ஸ்கேன், அதற்குச் சில நிமிடங்களே ஆகும். கசிவு என்று தெரிந்தால், மண்டையோட்டில் சிறு துளையிட்டு அந்த இரத்தத்தை வடித்துவிடுவார்கள். மிகச் சிறியதாக இருந்தால் கண்காணிப்பதோடு விட்டுவிடுவதும் உண்டு.

நான் இளம் மருத்துவராக இருந்தபோது, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை அழைத்துவந்தார்கள். மறதி நோய்தான் என்று வீட்டிலேயே முடிவுகட்டி நான்கு மாதம் வைத்திருந்தார்கள். துளையிட்டு வடித்த சில நாட்களில், தன்னைப் பார்க்க வந்த பழைய மாணவர்களைப் பெயர் சொல்லி அழைத்தார். அந்த நான்கு மாதத்தை நினைத்து அவருடைய மனைவி அழுததை இன்னும் நான் மறக்கவில்லை. உங்களுக்கு அப்படி ஒரு மாதம்கூட வீணாகக் கூடாது.

மருத்துவமனைக்குப் போகும்போது அவர் காரை ஓட்டக் கூடாது. மாத்திரைப் பெட்டிகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தலை இடித்த நாளை ஒரு தாளில் எழுதி, போனதும் முதல் வேலையாகச் சொல்லுங்கள். அவரைப் பேசவிட்டால் தன் ரக்பி வரலாற்றில்தான் தொடங்குவார், கேட்பவர்களும் அதன் பின்னாலேயே போய்விடுவார்கள். இடையில் வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பியும் எழாமல் கிடந்தாலோ 999ஐ அழையுங்கள்.

ஆஸ்பிரினை இன்றோடு நிறுத்துங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்ததல்ல என்பதால் இதைத் தயங்காமல் சொல்கிறேன். இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்களும், பக்கவாதம் வந்தவர்களும் இதைப் படித்துவிட்டுத் தங்கள் ஆஸ்பிரினை நிறுத்திவிடக் கூடாது. அவர்களுடைய கணக்கு வேறு. ஆனால் உடம்பில் ஒரு குறையும் இல்லாமல், மூளையைக் காப்பாற்றும் என்று எங்கோ படித்துவிட்டு ஆறு மாதம் ஆஸ்பிரின் விழுங்குவது எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. ஆஸ்பிரின் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து. கிழிந்த சிரை தானாக அடைபட வேண்டிய நேரத்தில் அதை அடையவிடாமல் செய்வதும் அதுதான். முதியவர்கள் 19,000க்கும் மேற்பட்டோருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. மறதி நோய் குறையவில்லை, பெரிய இரத்தப்போக்குகள்தான் கூடின. ஜின்கோவையும் 3,000 பேருக்குக் கொடுத்துப் பார்த்து 2008இலேயே பயனில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதற்கும் இரத்தக் கசிவைக் கூட்டும் தன்மை இருக்கலாம் என்ற ஐயம் உண்டு. ஆஸ்பிரினோடு சேர்த்து அதைச் சாப்பிடவே கூடாது. இலை மருந்து மூளைக்கு நல்லது என்ற எண்ணம் விடவில்லையென்றால் வல்லாரைச் சம்பல் செய்து சோற்றோடு கொடுங்கள், ருசியாக இருக்கும். மாத்திரைகள் குப்பைக்குப் போகட்டும்.

கண்ணிமைத் துடிப்பை விட்டுவிடுங்கள். கெண்டைக்கால் துடிப்பை மட்டும், செருப்பு நிற்காத காலோடு சேர்த்து மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஸ்காட்லாந்து ரக்பி வீரர் டாடி வியர் 2022இல் 52 வயதிலும், ரக்பி லீக் ஆடிய ராப் பர்ரோ 2024இல் 41 வயதிலும் மோட்டார் நியூரான் நோயில் இறந்த செய்திகளைப் படித்தபின் ஒவ்வொரு துடிப்பும் பயமுறுத்தும்தான். அந்த நோயில் தசை பலம் இழக்கும், மெலியும். களைப்பிலும் கவலையிலும் காபி மிகுதியிலும் இமை துடிப்பது எல்லோருக்கும் வருவது. கழுத்து வலி, 17 ஆண்டுகள் ஸ்க்ரமில், அதாவது எதிரணியை முட்டித் தள்ளும் நெரிசலில், தோள் கொடுத்ததற்கான தேய்மானமாக இருக்கலாம். கால் சோர்வும் இருப்பதால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இனி உங்கள் உண்மையான பயத்துக்கு வருகிறேன்.

இங்கிலாந்து அணிக்காக 2003இல் உலகக் கோப்பை வென்ற ஸ்டீவ் தாம்சன், அந்த ஆட்டமே தனக்கு நினைவில்லை என்று 2020இல் சொன்னபோது அவருக்கு 42 வயது. வேல்ஸின் முன்னாள் அணித்தலைவர் ரயன் ஜோன்ஸ் 2022இல் தன் மறதி நோயை வெளியே சொன்னபோது 41. வேல்ஸின் அலிக்ஸ் போபம், நியூசிலாந்தின் கார்ல் ஹேமன் ஆகியோரும் நாற்பதை ஒட்டிய வயதில்தான் இதே சொல்லைக் கேட்டார்கள். நீங்கள் இருக்கும் ஊரில் ரயன் ஜோன்ஸின் முகத்தைத் தெரியாதவர் இருக்க மாட்டார். அந்த முகத்தில் உங்கள் கணவரைப் பார்த்திருக்கிறீர்கள். அந்த அச்சத்தைச் சிறிதாக நினைக்க மாட்டேன்.

சி.டி.இ. என்று நீங்கள் படித்த அந்த நோய், தலையில் மீண்டும் மீண்டும் படும் அடியால் மூளையில் டௌ என்னும் புரதம் கெட்டுப் படிவது. மைதானத்தில் நினைவு தப்பிய அந்த இரண்டு நாட்களை மட்டும் நீங்கள் எண்ணுகிறீர்கள். நினைவு தப்பாத ஆயிரக்கணக்கான சிறு மோதல்களும் கணக்கில் சேர்பவை. இறந்த ரக்பி ஆட்டக்காரர்கள் 31 பேரின் மூளைகளை ஆராய்ந்து 2023இல் வெளியிட்டார்கள். 21 பேருக்கு இந்த நோய் இருந்தது. எத்தனை ஆண்டு ஆடினார்களோ அதற்கேற்ப வாய்ப்பும் கூடியிருந்தது. இந்த 31இல் 21 என்ற எண்ணைத்தான் இணையம் உங்கள் கணவருக்குக் காட்டியிருக்கும். ஆனால் அந்த மூளைகள் தானமாக வந்தவை. ஏதோ சரியில்லை என்று குடும்பத்தார் சந்தேகப்பட்டவர்களின் மூளைகளே அப்படிப் பெரும்பாலும் வந்து சேரும். அதை வைத்து ஆடிய அனைவருக்கும் கணக்குப் போட முடியாது.

கிளாஸ்கோவில் வில்லி ஸ்டூவர்ட் குழுவினர் செய்த ஆய்வு இதைவிட உறுதியானது. ஸ்காட்லாந்து தேசிய அணிக்கு ஆடிய 412 பேரை, அதே வயதும் அதே சூழலும் உள்ள 1,200க்கும் மேற்பட்ட மற்றவர்களோடு ஒப்பிட்டு 2022இல் வெளியிட்டார்கள். ஆடியவர்களுக்கு மூளை நரம்புச் சிதைவு நோய்கள் சுமார் இரண்டரை மடங்கு. மோட்டார் நியூரான் நோய் 15 மடங்கு என்று தலைப்புச் செய்தி வந்தது. அது மிகச் சிலரை வைத்துப் போட்ட கணக்கு, அதில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டாம். இரண்டரை மடங்கு என்பது உண்மை, அதை மூடி மறைக்க மாட்டேன். அதே ஆய்வில் அவர்கள் மற்றவர்களைவிட இரண்டு ஆண்டுக்கு மேல் கூடுதலாக வாழ்ந்ததையும் பார்த்தார்கள். இந்த வரி உங்கள் கணவரின் கண்ணில் பட்டிருக்காது.

1995இல் ரக்பி தொழில்முறை ஆட்டமானது. தாம்சனும் ஜோன்ஸும் அதன் பிறகு வந்தவர்கள், மோதுவதே நாள்தோறும் அவர்களுடைய வேலையாக இருந்தது. உங்கள் கணவர் வாரத்தில் இரண்டு மாலைப் பயிற்சியும் சனிக்கிழமை ஓர் ஆட்டமுமாக ஆடியிருப்பார். அபாயம் இல்லை என்று சொல்லவில்லை. அளவு வேறு என்கிறேன்.

எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேகம். சி.டி.இ. ஆண்டுக் கணக்கில் நகரும் நோய். மூன்று வாரத்தில் செருப்பைக் கழற்றிவிடாது. உயிரோடு இருப்பவருக்கு அதை உறுதிசெய்ய எந்தச் சோதனையும் இன்றில்லை. தாம்சனுக்கும் மற்றவர்களுக்கும் மருத்துவர்கள் சொன்னதும் 'இருக்கக்கூடும்' என்றுதான். இறந்தபின் மூளையைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தே முடிவாகச் சொல்ல முடியும். ஆகவே பெரிய பணம் வாங்கிக்கொண்டு ஸ்கேனிலோ இரத்தத்திலோ கண்டுபிடித்துத் தருகிறோம் என்பவர்களுக்கு ஒரு பவுண்டும் கொடுக்காதீர்கள். முன்னாள் ஆட்டக்காரர் ஒருவரின் மூளையில் ஏதாவது மாறினால் உடனே அந்த மூன்று எழுத்தைச் சொல்லிக் கைகட்டி உட்காருவதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். குணப்படுத்தக்கூடிய ஒன்று அந்தப் பெயரின் மறைவில் வளர்ந்துகொண்டே இருக்கும்.

குறட்டையும் அப்படிப்பட்ட ஒன்றுதான். முன்வரிசை ஆட்டக்காரர்களின் கழுத்து பருத்தது. ஆட்டத்தை நிறுத்தியபின் எடையும் ஏறும். இரவில் மூச்சு நின்று நின்று வந்தால், மூளைக்கு ஓய்வே கிடையாது. மறதி, எரிச்சல், காலைத் தலைவலி, பகல் தூக்கம் எல்லாம் வரும். இவருடைய பழைய மறதியில் ஒரு பங்கு இதுவாகவே இருக்கலாம். இந்த அவசரம் தீர்ந்தபின் குடும்ப மருத்துவரிடம் தூக்கச் சோதனையும் கேள்திறன் சோதனையும் கேளுங்கள். காது மந்தமாவதும் மறதி நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. இரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, பி12 பார்க்கட்டும். தலையில் அடிபட்டவர்களுக்குப் பிட்யூட்டரி சுரப்பி குன்றியிருக்கலாம், அதையும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நண்பர்கள் இருவரைப் புதைத்துவிட்டு வந்த மனிதர் எப்படி இருக்கிறார் என்று யாராவது அவரைக் கேட்டார்களா? மனச்சோர்வும் மறதியாகத் தெரியும். அதற்கு மருத்துவம் இருக்கிறது. இவ்வளவும் பார்த்தபிறகும் மறதி மாதத்துக்கு மாதம் கூடினால், நினைவாற்றல் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பச் சொல்வோம்.

உங்களை மறந்துவிடுவாரா என்று கேட்டீர்கள். ஒருபோதும் இல்லை என்று எந்த மருத்துவரும் எந்த மனைவிக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பவற்றில் அந்தத் திசையை உறுதியாகக் காட்டும் எதையும் நான் காணவில்லை. கவனித்துக் கவனித்து இவ்வளவு எழுதியது நீங்கள். அவருக்குத் தன் கால் இழுபடுவதே தெரிந்திருக்காது.

மகனை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு விதியில் விட்டுக்கொடுக்காதீர்கள். 2011இல் வட அயர்லாந்தில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் பள்ளி ஆட்டத்தில் தலையில் அடிபட்டும் தொடர்ந்து ஆடினான். கடைசி நேரத்தில் விழுந்தவன் இரண்டு நாளில் இறந்துபோனான். முதல் அதிர்வு ஆறுமுன் இரண்டாவது அதிர்வு வந்ததே காரணம் என்று 2013இல் மரண விசாரணை சொன்னது. வளரும் மூளை அந்த இரண்டாவது அடியில் கட்டுக்கடங்காமல் வீங்கிவிடும். எனவே தலையில் பட்டபின் குழப்பம், தலைவலி, தள்ளாட்டம் என்று ஏதேனும் ஒன்று தெரிந்தாலும் அன்று ஆட்டம் முடிந்தது. பிரிட்டனில் 2023இல் வந்த நெறிமுறைப்படி, குறைந்தது 21 நாட்களுக்குப் போட்டி ஆட்டம் கிடையாது. தலைக்கவசம் போட்டிருந்தான் என்பது பதிலாகாது. அந்த மெத்தைக் கவசம் காயத்தைக் குறைக்கும், மூளை அதிர்வைத் தடுப்பதாக நிரூபிக்கப்படவில்லை. இறுதி ஆட்டம், தேர்வாளர் வருகிறார் என்றெல்லாம் பயிற்சியாளர் சொல்லலாம். அப்போது மைதானத்துக்குள் நடந்துபோய் மகனை வெளியே அழைத்துவர உங்களுக்கு உரிமை உண்டு.

இதெல்லாம் பிறகு. இப்போது அவரை எழுப்புங்கள், காலணியைக் கயிறு கட்டிப் போட்டுவிடுங்கள், புறப்படுங்கள். ஸ்கேனில் என்ன சொன்னார்கள் என்று அதே மின்னஞ்சலுக்கு ஒரு வரி எழுதுங்கள், எந்த நேரமானாலும் சரி. பார்த்துக்கொண்டிருப்பேன்.