நீச்சல் தெரியாத அம்மாவுடன் இஷிகாக்கி

ஜப்பானின் இஷிகாக்கி தீவில் செப்டம்பரில் இரண்டே நாள், அம்மாவுக்கு நீச்சல் தெரியாது, பவளப்பாறை பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பார்க்கலாம். அங்குள்ள கபிரா விரிகுடாவில் நீந்தவே அனுமதி இல்லை. கண்ணாடி அடித்தளப் படகில்தான் சுற்றிக்காட்டுகிறார்கள். குனிந்தால் காலடியில் பவளமும் மீன்களும் தெரியும்.

ஆனால் என் மனம் தாகெதோமி தீவில்தான் இருக்கிறது. இஷிகாக்கியிலிருந்து படகில் கால் மணி நேரம் போதும். சிவப்பு ஓட்டுக் கூரைகளில் சீசா எனும் காவல் சிங்கச் சிலைகள், பவளக்கல் மதில்கள், ஊர்க்காரர்கள் காலையில் பெருக்கிவைக்கும் வெண்மணல் தெருக்கள். அம்மாவை எருமை வண்டியில் ஏற்றுங்கள். வண்டிக்காரர் மூன்று தந்திச் சான்ஷினை மீட்டிப் பாடுவார். கொந்தோய் கடற்கரையில் தண்ணீர் ஆழமில்லை, அம்மா கால் நனைக்கலாம்.

செப்டம்பர் புயல் மாதம், புயல் வந்தால் படகு நின்றுவிடும். வானம் தெளிவாக இருந்தால் முதல் நாளே தாகெதோமிக்குப் போய்விடுங்கள்.