பிக்கப் வண்டியின் பின்சக்கரங்கள் பனியில் வழுக்காமலிருக்க மணல் மூட்டை போதுமா?

பின்சக்கரங்களுக்கு மட்டுமே எஞ்சின் விசை செல்லும் உங்கள் பிக்கப், பனியில் சக்கரம் சுழன்றும் நகர மறுப்பதால், பின்தொட்டியில் மணல் மூட்டைகளை ஏற்றினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூட்டைகள் உதவும், ஆனால் முதல் செலவு குளிர்கால டயர்களுக்கே ஆகட்டும் என்பது என் உறுதியான கருத்து.

சாதாரண டயரின் ரப்பர் ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறுகிப் பிடிப்பை இழக்கத் தொடங்குகிறது. குளிர்கால டயரின் ரப்பரோ அப்போதும் மென்மையாகவே இருப்பதோடு, அதன் நுண்ணிய வெட்டுகள் பனியைக் கவ்விக்கொள்கின்றன. பக்கச் சுவரில் மூன்று சிகரங்களுக்குள் பனித்துகள் பொறித்த குறியைப் பார்த்து, நான்கு சக்கரங்களுக்கும் வாங்குங்கள். பின்னால் மட்டும் மாட்டினால் வண்டி கிளம்பும், ஆனால் திரும்பவும் நிற்கவும் தடுமாறும்.

வெற்றுத் தொட்டியால் பின் அச்சின் மீது எடை குறைவாக இருப்பதே வழுக்கலுக்கு அடிப்படைக் காரணம் என்பதால், 100 முதல் 150 கிலோ வரையிலான மணலை, உற்பத்தியாளர் குறித்த சுமை வரம்புக்கு உட்பட்டு, சரியாகப் பின் அச்சுக்கு மேலே வையுங்கள். தொட்டியின் கடைசியில் வைத்தால் முன்சக்கரங்கள் இலேசாகி ஸ்டீயரிங் பிடிப்புக் குறையும். மூட்டைகளை இறுகக் கட்டுவது மிக முக்கியம். திடீரென பிரேக் போடும்போது அவை முன்னோக்கிப் பாயக்கூடும். சிக்கிக்கொண்டால் அந்த மணலையே சக்கரத்தின் முன் தூவலாம்.

ஆழ்ந்த பனிக்குப் பின்சக்கரங்களில் சங்கிலி மாட்டி, மெதுவாகச் செல்லுங்கள். மேனுவல் கியர் வண்டியானால் இரண்டாம் கியரில் மென்மையாகக் கிளப்புங்கள்.