இருபத்து நான்கு புளியங்கொட்டை

அன்புள்ள ஐயா,

காட்பாடியில் விடுதியில் தங்கிப் பொறியியல் படிக்கிறேன். டான் ஹாரிங்டன் எழுதிய போக்கர் என்ற சீட்டாட்ட நூலில் முதல் பாகத்தை மூன்று முறை படித்துவிட்டேன். சனிக்கிழமை இரவுகளில் எட்டுப் பேர் புளியங்கொட்டை வைத்துப் போட்டி முறையில் ஆடுகிறோம். பாதிக்கு மேல் நான் தாக்குப்பிடிப்பதில்லை. போன வாரம் என்னிடம் 24 கொட்டை. சீட்டுப் போடும் முன்பே இருவர் முறைவைத்துக் கட்டாயமாக வைக்கும் ‘பிளைண்ட்’ 1, 2. ஒருவர் 6-ஆக உயர்த்தினார். என் இரண்டு சீட்டும் ஆறு, அதாவது ஆறு ஜோடி என்பதால் நானும் 6 வைத்தேன். எல்லோருக்கும் பொதுவாக நடுவில் மூன்று சீட்டு திறந்ததில் ஆறு வரவில்லை, கையை விட்டு (சீட்டைப் போட்டு) விலகிவிட்டேன். சீட்டாட்டத்தைப் புத்தகத்தில் கற்க முடியாதோ?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முடியும். நீங்கள் முதல் பாகத்தோடு நின்றுவிட்டீர்கள், அவ்வளவுதான். ஹாரிங்டன் 1995-இல் உலகப் போக்கர் போட்டியின் முதன்மை ஆட்டத்தை வென்றவர். ஆட்டத்தின் பிற்பகுதிக்கென்றே இரண்டாம் பாகத்தை எழுதினார். அங்கேதான் ‘எம்’ என்ற எண் வருகிறது. பால் மேக்ரியல் என்ற பேக்கமன் (பகடை உருட்டிக் காய் நகர்த்தும் ஆட்டம்) ஆட்டக்காரர் பெயரின் முதலெழுத்து அது.

கையிலுள்ளதை, ஒரு சுற்றுக்குக் கட்ட வேண்டிய தொகையால் வகுங்கள். உங்கள் கணக்கில் 24-ஐ, பிளைண்ட் இரண்டும் சேர்ந்த 3-ஆல் வகுத்தால் 8. சும்மா உட்கார்ந்திருந்தாலே எட்டுச் சுற்றில் எல்லாம் கரைந்துவிடும். திறக்கும் மூன்று சீட்டில் உங்கள் ஜோடிக்கு மூன்றாவது ஆறு வருவது ஏறக்குறைய எட்டரைக்கு ஒருமுறைதான். அதற்காகக் கையிருப்பில் கால்வாசியைக் கொடுத்தீர்கள். 200 கொட்டை இருந்திருந்தால் அதே 6 சரியான விலை. முதல் பாகம் சொல்லித் தந்ததும் அதைத்தான். இந்த நிலையில் ஒன்று கையை விட வேண்டும், அல்லது இருபத்து நான்கையும் நடுவில் தள்ள வேண்டும். உங்களுக்கு முன் யாரும் உயர்த்தாதபோது தள்ளுவது இன்னும் நல்லது: எல்லோரும் விலகினாலும் லாபம், எதிர்த்தாலும் ஜோடி நிற்க வாய்ப்புண்டு.

குடியாத்தத்தில் தீப்பெட்டித் தொழில் நடந்த தெருவில் வளர்ந்தவன் நான். எங்களுக்குத் தீக்குச்சிதான் பந்தயக் காசு. புத்தகத்தில் வரும் ஒவ்வொரு கையையும், அதாவது ஒவ்வொரு ஆட்டத்தின் சீட்டுகளையும், பாயில் பரப்பி, குச்சிகளை எண்ணி வைத்து, விடையை அட்டையால் மூடிவிடுவேன். என் முடிவையும் காரணத்தையும் நோட்டில் எழுதிய பிறகே அட்டை நகரும். அப்படிப் படித்தால் இரண்டு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

கொட்டையைப் பணமாக்க மட்டும் வேண்டாம். இணையத்தில் பணம் வைத்து ஆடுவதை 2025-ஆம் ஆண்டின் மத்திய சட்டம் தடைசெய்திருக்கிறது; அதில் பணத்தையும் உயிரையும் இழந்த வீடுகள் நம் மாநிலத்தில் பல.

இரண்டாம் பாகத்தைத் தொடங்கும் முன், அந்த ஆறு ஜோடியை மறுபடி பரப்பிப் பாருங்கள். உயர்த்தியவர் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார், அவரிடம் எத்தனை கொட்டை இருந்தது? இரண்டையும் நீங்கள் எழுதவில்லை. நினைவுபடுத்தி எனக்கு எழுதுங்கள்.