குடியை நிறுத்தியவர்களுக்கும் வீட்டாருக்கும்: கேள்வி-பதில்

கோயிலில் கயிறு கட்டிக் குடியை நிறுத்தினார் அண்ணன். மூன்றாம் நாள் கை நடுங்குகிறது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார். காத்துக் கருப்பா?

இல்லை. தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் 2 முதல் 4 நாளில் வரும் உளறல் இது, உயிரையே எடுக்கும். இப்போதே 108-ஐக் கூப்பிடுங்கள். குடிப்பவர் என்பதை மருத்துவமனையில் மறைக்காதீர்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் வைட்டமின் பி1 ஊசி போட வேண்டியிருக்கும். கயிறு கட்டுவதை நான் தடுக்கவில்லை. கட்டுவதற்கு முன் டாக்டரைப் பாருங்கள்.

நிறுத்தி இரண்டு மாதம். தூக்கமில்லாமல் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுகிறேன். சரியா?

மாத்திரையின் பெயரை எழுதாமல் கேட்டால் எப்படி? அல்பிரசோலம் வகை என்றால் அதுவும் அடிமைப்படுத்தும். நீங்களாக அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, வலிப்பு வரலாம். மாத்திரை அட்டையோடு டாக்டரிடம் போங்கள். தூக்கம் சீராகச் சில மாதம் பிடிக்கும்.

கணவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்க டைசல்ஃபிராம் மாத்திரை தந்திருக்கிறார்கள். கொடுக்கலாமா?

கூடாது. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. அந்த மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால், சாராயம் உடைந்து வரும் நச்சைக் கல்லீரலால் கழிக்க முடியாது. முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் இறங்கிவிடும். இதய நோயாளி செத்தும் போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அதன் வேகம் இருக்கும். தனக்கு என்ன ஆகிறது என்றே தெரியாமல் ஒரு மனிதர் துடிப்பதை நினைத்துப் பாருங்கள். விளம்பரம் பார்த்து வாங்கும் பொடி இன்னும் மோசம். உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாது.

இதே மாத்திரையை அவர் சம்மதித்து, இதயத்தையும் ஈரலையும் சோதித்த பிறகு, தினம் காலையில் உங்கள் கையால் வாங்கிப் போட்டுக்கொண்டால் நன்றாக உதவும். 'இன்றைக்குக் குடிக்க மாட்டேன்' என்று அவரே எடுக்கும் முடிவு அது. திருட்டுத்தனமாகக் கலந்தது தெரிந்தால் வீட்டுச் சோற்றையே சந்தேகப்படுவார். அந்த நம்பிக்கை போய்விட்டால் எதைப் பிடித்துக்கொண்டு அவர் மீண்டு வருவார்? சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

நிறுத்தி ஆறு வாரமாகியும் மகன் மூலையிலேயே உட்கார்ந்திருக்கிறான். தானாகச் சரியாகுமா?

முதல் மூன்று, நான்கு வாரச் சோர்வு பெரும்பாலும் தானே இறங்கும். ஆறு வாரம் என்றால் மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும். சாவைப் பற்றிப் பேசினால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். இன்றே அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண் 14416-இல் எந்நேரமும் பேசலாம்.

எட்டு மாதம் கழித்து ஒரு கல்யாணத்தில் குடித்துவிட்டேன். எல்லாம் போச்சா?

எட்டு மாதம் இருந்தவரால் மறுபடியும் இருக்க முடியும். இந்த வாரமே, குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்தில் போய் மறைக்காமல் சொல்லுங்கள். அன்று பசியா, கோபமா, தனிமையா, அசதியா என்று எழுதிப் பாருங்கள். அடுத்த கல்யாணத்துக்குத் துணையோடு போய், சாப்பிட்டதும் கிளம்பிவிடுங்கள்.