காசு கொடுத்து வாங்கிய குவில்ட் பேட்டர்னை வகுப்பில் பத்துப் பேருக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கலாமா?

கொடுக்கக் கூடாது. கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். மீதி முழுக்க என் சொந்தக் கதை, நேரம் இருந்தால் படியுங்கள்.

கேள்வி கேட்டவர் கடலூரில் வீட்டு மாடியில் குவில்ட்டிங் (துண்டுத் துணிகளைச் சேர்த்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கிற வேலை) வகுப்பு தொடங்கப்போகிறாராம். பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். இணையத்தில் வாங்கிய வெளிநாட்டுப் பேட்டர்ன் ஒன்று, அதாவது வெட்டித் தைப்பதற்கான படமும் விளக்கமும், கையில் இருக்கிறது. "நான் காசு கொடுத்து வாங்கியதுதானே, என் வகுப்புக்குத்தானே?" என்று கேட்டிருக்கிறார். அந்த "வாங்கியதுதானே"யைப் பார்த்ததும்தான் அடுப்பை அணைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். 2018ல் இதே வார்த்தையை நானும் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

கேள்வி கேட்டவரே, உங்களுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும், குழந்தை பிறந்ததும் வேலையை விட்டிருப்பீர்கள், வகுப்புக் கட்டணத்தில், துணி வெட்டுகிற ரோட்டரி கட்டரும் அதற்கு அடியில் வைக்கிற கட்டிங் மேட்டும் வாங்கிய கடனை அடைக்கப் பார்க்கிறீர்கள் என்று நானே நினைத்துக்கொள்கிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும். நான் ஆரம்பித்தபோது என் நிலைமை அதுதான், வயது மட்டும் நாற்பத்தி மூன்று.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் என் வீட்டு மாடியில் வகுப்பு. அந்த முறை பதினோரு பேர். நாலு பறவைகள் இருக்கிற சுவர்த் தொங்கல் ஒன்றைத் தைக்கலாம் என்று முடிவு செய்தேன். ஒரு அமெரிக்கப் பெண் வரைந்த பேட்டர்ன், விலை 12 டாலர். காகிதத்தின் மேலேயே துணியை வைத்துக் கோட்டின் மேல் தைத்துக்கொண்டு போகிற முறை. ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டிருக்கும், ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகத் தைத்தால் கடைசியில் மீன்கொத்தியின் அலகு ஊசி மாதிரி கூர்மையாக வந்து நிற்கும். புதிதாகக் கற்பவர்களுக்கு இதைப் போல நம்பிக்கை கொடுக்கிற முறை வேறு கிடையாது.

ஒன்பது பக்கம். பதினோரு பேர். பக்கத்துக்கு ஒரு ரூபாய் என்று முனைக் கடையில் 99 ரூபாய்க்கு ஜெராக்ஸ் எடுத்தேன். ஆளுக்கு ஒரு ஃபைலில் போட்டு, மேலே என் வகுப்பின் பெயரை ஸ்டிக்கராக ஒட்டினேன். அந்த ஸ்டிக்கரை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

நாலு வாரம் தைத்தோம். பறவைகள் நன்றாகவே வந்தன. ஐந்தாவது வாரம் சுற்றிலும் பார்டர் வைக்க வேண்டும். இரண்டு பறவை அடுத்தடுத்து நின்றால் 24 இஞ்ச் என்று பேட்டர்னில் போட்டிருந்தது, தையல் விளிம்புக்கு இரண்டு பக்கமும் கால் இஞ்ச் சேர்த்து 24½ இஞ்சில் எல்லோரும் பட்டை வெட்டி வைத்திருந்தார்கள். வைத்துப் பார்த்தால் பட்டை நீளம், பறவை குட்டை. பதினோரு பேருக்கும் அரை இஞ்சுக்கு மேல் இடித்தது. ஒருவருக்கு இடித்தால் தையல் தப்பு. பதினோரு பேருக்கும் ஒரே அளவில் இடித்தால் தப்பு டீச்சருடையது.

அமெரிக்காவில் லெட்டர் என்று ஒரு காகித அளவு, எட்டரை இஞ்ச் அகலம். நம் ஏ4 அதைவிட ஏறக்குறைய கால் இஞ்ச் ஒடுக்கம், கொஞ்சம் உயரம். கடைக்காரப் பையன் காகிதத்துக்குள் அடங்கும்படி "ஃபிட்" போட்டுப் பிரிண்ட் எடுத்தால் எல்லாம் ஏறக்குறைய 97 சதவீதமாகச் சுருங்கிவிடும். பேட்டர்னின் முதல் பக்கத்தில் ஒரு இஞ்ச் கட்டம் ஒன்று போட்டிருக்கும், அதை ஸ்கேலில் அளந்து பார்த்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும். அந்த ஒரு இஞ்சில் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையாது, சும்மா பார்த்தால் தெரியாது. 24 இஞ்சுக்குப் போனால் சேர்ந்து முகத்தில் அடிக்கும். நான் அளக்கவில்லை. பட்டையை வெட்டிச் சிறிதாக்கி ஒருவழியாக முடித்தோம்.

என் மாணவிகளில் ஒருவர் சொல்தா குடும்பம். கடலூர்க்காரருக்குச் சொல்தா என்றால் விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காக: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்கள். அவருடைய மகள் பாரிஸில் இருக்கிறாள். அம்மா அனுப்பிய போட்டோக்களை அவள் பெருமையாக ஃபேஸ்புக்கில் ஒரு குவில்ட் குழுவில் போட்டுவிட்டாள். பதினோரு தொங்கல்களும் வரிசையாக, முன்னால் மேசையில் விரித்து வைத்த என் ஜெராக்ஸ் பக்கங்களும், ஸ்டிக்கரும்.

பத்து நாளில் மெயில் வந்தது. பேட்டர்னை வரைந்த பெண்தான். திட்டவே இல்லை. மாணவிகள் அழகாகத் தைத்திருக்கிறார்கள் என்று முதல் வரி. எத்தனை பேர் வகுப்பில், ஒவ்வொருவரும் ஒரு பிரதி வாங்கினார்களா என்று இரண்டாவது வரி. மூன்றாவது வரி: பார்டர் கொஞ்சம் இழுத்த மாதிரி தெரிகிறதே, ஆக்சுவல் சைஸில்தான் பிரிண்ட் எடுத்தீர்களா?

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். இந்த மூன்றாவது வரிக்கு என்ன பதில் சொல்வது? போட்டோவைப் பார்த்தே கண்டுபிடிக்கிறாள் என்றால் அந்தக் கோடுகளை எத்தனை தடவை வரைந்து, தைத்து, பிரித்து, மறுபடி வரைந்திருப்பாள். எங்க வீட்டுக்காரர், "விடு, அமெரிக்காவுல இருந்து கப்பல் ஏறி வந்து பிடிப்பாளா?" என்றார். நாலு நாள் தூக்கம் இல்லை. ஐந்தாவது நாள் உள்ளதை உள்ளபடி எழுதினேன். டீச்சர்களுக்குப் பாதி விலை, ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. பதினோரு பிரதி, 66 டாலர். அன்றைக்கு நாலாயிரத்து ஐந்நூறுக்குப் பக்கம். மாணவிகளிடம் கேட்க வாய் வரவில்லை, என் கையில் இருந்து கட்டினேன்.

இதைப் படித்துவிட்டு, "99 ரூபாய் ஜெராக்ஸுக்கு இவ்வளவு சீன் போடுவதா, ஊரில் எல்லா மாணவனும் புத்தகத்தை ஜெராக்ஸ்தானே எடுக்கிறான்" என்று ஒருவர் வருவார். இன்னொருவர் டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கைக் கொண்டுவருவார். தெரியும். 2016ல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தக் கடைக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. ஆசிரியரும் மாணவரும் பாடம் நடத்தும்போது பிரதி எடுக்கலாம் என்று 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. நான் வக்கீல் இல்லை. ஆனால் அது பல்கலைக்கழகப் பாடத்துக்கு, விலையுயர்ந்த புத்தகங்களில் சில சில பக்கங்களைத் தொகுத்துக் கொடுத்த வழக்கு. மாதம் ஆளுக்கு 1500 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஒரு பெண் விற்கிற முழுப் பொருளையே பிரதி எடுத்த நான் அந்தக் குடைக்குள் போய் நிற்க மாட்டேன். நீங்கள் நிற்பதாக இருந்தால் ஒரு வக்கீலுக்குக் காசு கொடுத்துவிட்டு நில்லுங்கள்.

அமெரிக்கக்காரியின் படத்துக்கு இங்கே என்ன சட்டம் என்றும் கேட்பார்கள். ஒரு நாட்டுப் படைப்புக்கு மற்ற நாடுகளிலும் பாதுகாப்புக் கொடுக்கிற பெர்ன் ஒப்பந்தத்தில் நாமும் இருக்கிறோம், அமெரிக்கா 1989ல் சேர்ந்தது. அங்கே வரைந்ததற்கு இங்கேயும் பாதுகாப்பு உண்டு, பதிவுகூடச் செய்திருக்க வேண்டியதில்லை. நம் சட்டப்படி வரைந்தவர் காலத்துக்குப் பிறகும் 60 வருஷம்.

அதற்காகப் பயந்துபோய் வகுப்பையே விட்டுவிடாதீர்கள். எதற்கு உரிமை, எதற்கு இல்லை என்று தெரிந்துகொண்டால் போதும். நைன் பேட்ச், லாக் கேபின், ஃப்ளையிங் கீஸ், ஒஹாயோ ஸ்டார் என்கிற குவில்ட் கட்ட அமைப்புகள் எல்லாம் பாட்டிகள் காலத்துச் சொத்து, யாரிடமும் கேட்க வேண்டாம். ஒரு கிராஃப் நோட்டு எடுத்து நீங்களே வரையுங்கள். 12 இஞ்ச் நைன் பேட்ச் என்றால் ஒன்பது சதுரம், ஒவ்வொன்றும் 4½ இஞ்சில் வெட்ட வேண்டும், அவ்வளவுதான். கால் இஞ்ச் தையலை நேராகப் போடுவதும், முக்கோணத்தை இழுபடாமல் தைப்பதும், அயர்ன் பண்ணும் விதமும் நுணுக்கங்கள், அவற்றைச் சொல்லிக்கொடுப்பதை யாரும் தடுக்க முடியாது. இன்னொருவர் உட்கார்ந்து வரைந்த படமும் எழுதிய விளக்கமும்தான் அவருடையது. அமெரிக்காவில் 2001ல் ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது, ஆங்கில எழுத்துகள் வைத்த குவில்ட் பற்றி. காப்பி அடித்ததாகச் சொல்லப்பட்ட குவில்ட்கள் இந்தியாவில் இருந்து இறக்குமதி ஆனவை என்பது நமக்குக் கூடுதல் வெட்கம். ஏ, பி, சி யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் எழுத்துகளை அடுக்கிய விதம், நிறம் சேர்த்த விதம் எல்லாம் ஒத்துப்போனதால் சில குவில்ட்கள் காப்பிதான் என்று தீர்ப்பாயிற்று.

என் இரண்டாவது கதைக்கும் இதேதான் பொருந்தும். இதையும் சொல்லாமல் போனால் இன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

அந்த 66 டாலருக்குப் பிறகு, நம் வீட்டிலேயே இல்லாததா என்று அம்மாவின் கோல நோட்டை எடுத்தேன். 7 புள்ளி, 4 வரை, ஊடுபுள்ளி. அதில் வருகிற ஆறு முனை நட்சத்திரத்தைத் துணியில் கொண்டுவர வேண்டும். 2½ இஞ்ச் பட்டையில் 60 டிகிரியில் சாய்சதுரங்களாக வெட்டி, மூன்று மூன்றாகச் சேர்த்து இரண்டு அரை நட்சத்திரம், பிறகு இரண்டையும் நடுவில் ஒரே நேர்க்கோட்டில் இணைப்பது. கேட்க எளிது. ஆறு முனையும் ஒரே புள்ளியில் சேராமல் நடுவில் குமிழ் மாதிரி எழும்பும், தட்டினால் "டொப்" என்று உட்காரும், கையை எடுத்தால் மறுபடி எழும்பும். தையலைத் துணி விளிம்புக்குக் கால் இஞ்ச் முன்னாலேயே நிறுத்த வேண்டும் என்று புரிந்துகொள்ள நாலு மாதம் ஆயிற்று. அதையெல்லாம் படம் போட்டு, ஆறு பக்கத்தில் பேட்டர்னாக எழுதி மாணவிகளுக்குக் கொடுத்தேன். ஐந்தாவது படிநிலையில் "வலது" என்பதற்கு "இடது" என்று அடித்துவிட்டேன், வகுப்பில் எல்லோரும் பேனாவால் திருத்திக்கொண்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு வாட்ஸப் குரூப்பில் அதே ஆறு பக்கம் வந்தது, கடலூரில் யாரோ நடத்துகிற வகுப்பின் பெயரோடு. படம் புதிதாக வரைந்திருந்தார்கள், எழுத்தின் வடிவம் வேறு. ஐந்தாவது படிநிலையில் "இடது" அப்படியே இருந்தது. (அது நீங்கள் இல்லை என்று நினைக்கிறேன். நீங்களாக இருந்தால் தயவுசெய்து அதை "வலது" என்று மாற்றுங்கள், பாவம், பிள்ளைகள் பிரித்துப் பிரித்துத் தைப்பார்கள்.)

அந்த வகுப்பை நடத்துகிறவளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "கோலம் என்ன உங்க வீட்டுச் சொத்தா அக்கா?" என்று கேட்டாள். இல்லைதான். கோலம் என் அம்மாவுடையதுகூட இல்லை, மார்கழியில் தெருவில் யார் வேண்டுமானாலும் போடலாம். அந்தக் கோலத்தை வைத்து அவள் தானே ஒரு பேட்டர்ன் எழுதியிருந்தால் நான் முதல் ஆளாக வாங்கியிருப்பேன். அந்த "இடது" என்னுடையது, அதைத்தான் கேட்டேன். போனை வைத்துவிட்டாள். நான் வழக்குக்கெல்லாம் போகவில்லை, 99 ரூபாய் ஸ்டிக்கர்காரிக்கு எந்த முகம்?

சம்பந்தம் இல்லாமல் ஒன்று, எழுதும்போதே கோபம் வருகிறது. போன மாதம் சொந்தக்காரர் ஒருவர் பேத்திக்குத் தொட்டில் குவில்ட் கேட்டார். 36க்கு 45 இஞ்ச், உள்ளே பஞ்சு, கையாலேயே ஓட்டுத்தையல். துணியும் பஞ்சும் மட்டுமே 900 ரூபாய், பன்னிரண்டு நாள் வேலை. 2500 என்றேன். "நேரு வீதில பெட்ஷீட்டே முந்நூறு ரூபா, ஒட்டுத்துணிக்கு இவ்வளவா?" என்றார். என் அப்பா இங்கே இருந்த ஏ.எஃப்.டி துணி மில்லில் வேலை பார்த்தவர். வெட்டித் துண்டைக்கூட மடித்து எடுத்து வைத்து, "துணிக்கு மரியாதை இருக்கு" என்பார். அந்த மில்லையும் 2020ல் மூடிவிட்டார்கள். சரி, விடுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பேட்டர்ன்தான் வேண்டும் என்றால் வரைந்தவருக்கு இரண்டு வரி எழுதிக் கேளுங்கள்: கடலூரில் வகுப்பு, பத்துப் பேர், டீச்சர் விலை உண்டா? பலரும் பதில் போடுகிறார்கள், ஒருவர் எனக்குச் சும்மாவே கொடுத்தார். பதில் வராவிட்டால் ஆளுக்கு ஒன்று வாங்கச் சொல்லுங்கள், கட்டணத்தில் அதை முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள், பிறகு கேட்டால் முகம் சுளிப்பார்கள். வகுப்பு குரூப்பில் பிடிஎஃப்பைப் போடவே போடாதீர்கள், ஜெராக்ஸைவிட மோசம் அது, ராத்திரிக்குள் நாலு ஊர் போய்விடும்.

அப்புறம், அவரவர் வாங்கிய பிரதியைக் கடையில் பிரிண்ட் எடுக்கும்போது பையனிடம் "ஆக்சுவல் சைஸ், நூறு சதவீதம்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். முதல் பக்கம் வந்ததும் அந்த ஒரு இஞ்ச் கட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு மீதியை எடுக்கச் சொல்லுங்கள். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.