ஒஹாயோ விவசாயியைத் தேடி: கேள்வி பதில்

என் கணவரின் முன்னோர் ஒஹாயோ விவசாயிகள். அவர்களைத் தேடிப் பதினொரு வருடமாகப் பழைய ஆவணங்கள் இருக்கும் கோர்ட்டுகளின் படி ஏறி இறங்குகிறேன். அமெரிக்கக் குடும்பங்களில் சம்பந்தம் செய்துகொண்ட நம்மவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

டாலஸ் வாசகி: மாமனாரின் கொள்ளுத்தாத்தா 1840 வாக்கில் ஒஹாயோவில் பிறந்தாராம். பிறப்புச் சான்றிதழ் எங்கே வாங்கலாம், அக்கா?

கிடைக்காதும்மா. ஒஹாயோ கவுண்ட்டிகள் (நம் மாவட்டம் மாதிரி) பிறப்பு இறப்பைப் பதியத் தொடங்கியதே 1867-ல்தான். பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் மக்கள்தொகைக் கணக்கான சென்சஸைப் பிடித்துப் பின்னோக்கிப் போங்கள். 1900 சென்சஸில் பிறந்த மாதமும் ஆண்டும் இருக்கும். ஒரு தாய்க்கு எத்தனை பிள்ளை பிறந்து எத்தனை தங்கின என்பதுகூட இருக்கும். 1890-ல் ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை; 1921-ல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் பெரும்பகுதி பாழானது. 1880-ல் குடும்பத் தலைவருக்கு யார் என்ன உறவு, பெற்றோர் எந்த மாநிலத்தில் பிறந்தவர்கள் என்று தெரியும். அடிமைகளாக இல்லாத எல்லோர் பெயரையும் எழுதிய முதல் சென்சஸ் 1850. அதற்கு முன்னால் குடும்பத் தலைவர் பெயர் மட்டும். மனைவி மக்களெல்லாம் வயதுவாரியாக வெறும் எண்ணிக்கை.

அங்கே முட்டி நின்றால் நிலத்துக்கு வாருங்கள். அப்பா இறந்தபின் பிள்ளைகள் சேர்ந்து பங்கை விற்ற கிரயப் பத்திரத்தில், கட்டிக்கொடுத்த பெண்களின் பெயரும் மருமகன்களின் பெயரும் வரிசையாக வரும். 1850 முதல் 1880 வரை விவசாயக் கணக்கும் தனியாக எடுத்தார்கள். எத்தனை கறவை மாடு, எத்தனை பவுண்டு வெண்ணெய் என்று என் கணவரின் பாட்டனார் வீட்டுக் கணக்கைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஒன்றை மறக்காதீர்கள்: அந்த ஆண்டில் அந்த ஊர் எந்தக் கவுண்ட்டியில் இருந்தது? கவுண்ட்டிகளைப் பிரித்துக்கொண்டே இருந்தார்கள். பழைய பத்திரம் பெரும்பாலும் தாய்க் கவுண்ட்டியிலேயே தங்கிவிடும்.

ஒமாஹா வாசகர்: நெப்ராஸ்காவில் இலவச நிலம் வாங்கிய பாட்டனார் பற்றி?

1862 சட்டப்படி 160 ஏக்கர். ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் பட்டா. அதற்கான கோப்பைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். வீடு எத்தனை அடி, எவ்வளவு உழுதார் என்று அக்கம்பக்கத்தார் சொன்ன சாட்சியம் இருக்கும். வெளிநாட்டில் பிறந்தவரானால் குடியுரிமைத் தாளும் இருக்கும்.

நியூஜெர்சி வாசகி: 1868-ல் வந்த ஜெர்மானியர். எல்லிஸ் தீவு அதிகாரி பெயரை மாற்றிவிட்டாராம்.

நியூயார்க்கில் குடியேற வந்தவர்களைச் சரிபார்த்த எல்லிஸ் தீவு நிலையம் திறந்ததே 1892-ல். உங்களவர் நியூயார்க்கில் இறங்கியிருந்தால் அது அதற்கு முந்தைய நிலையமான காசில் கார்டன்.

அதே வாசகி: மாமியார் சத்தியம் செய்கிறாரே!

அவர் கேட்டு வளர்ந்த கதை அது. அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் 1892-க்குப் பிறகும் அங்கே பெயரை மாற்றி எழுதவில்லை. புறப்பட்ட துறைமுகத்தில் எழுதிய பயணிகள் பட்டியலைக் கையில் வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான்.

சிகாகோ வாசகர்: அப்படியென்றால் மாற்றியது யார்?

பெரும்பாலும் அவர்களேதான், ஊரோடு ஒத்துப்போக. சென்சஸ்காரரும் காதில் விழுந்ததை எழுதினார். என் கணவர் குடும்பப் பெயரை மூன்று சென்சஸில் மூன்று விதமாக எழுத்துக்கூட்டி எழுதியிருக்கிறார்கள். எழுத்தைக் கட்டிக்கொண்டு அழாமல் பக்கத்து வீட்டுக்காரர்களைப் பாருங்கள். அவர்கள் மாறாமலிருந்தால் இவரும் அவரே.

அட்லாண்டா வாசகர்: மனைவி ஆப்பிரிக்க அமெரிக்கர். 1870-க்கு முன்னால் போகவே முடியவில்லை.

விடுதலையானவர்கள் குடும்பமாகப் பெயரோடு வருவது 1870-ல்தான். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உடைமையாளர் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டுமே. முதலில் விடுதலையானவர்களுக்கு உதவ அரசு அமைத்த ஃப்ரீட்மென்ஸ் பீரோவின் கூலி ஒப்பந்தங்களையும், அவர்கள் பணம் போட்ட ஃப்ரீட்மென்ஸ் வங்கியின் பதிவேட்டையும் பாருங்கள். வங்கி ஏட்டில் பெற்றோர், உடன்பிறந்தோர் பெயர்களைக் கேட்டு எழுதியிருப்பார்கள். பிறகு உடைமையாளர் யாரென்று கண்டுபிடித்து, அவர் இறந்தபோது எடுத்த சொத்துக் கணக்கைத் தேடுங்கள். மனிதர் பெயருக்கு நேரே விலை எழுதியிருக்கும். தனியாக உட்கார்ந்து படிக்காதீர்கள்; மனைவியும் கூட இருக்கட்டும். உடைமையாளரின் குடும்பப் பெயரே இவர்களுக்கும் இருக்கும் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

ஹூஸ்டன் வாசகர்: 1835-ல் கென்டக்கியில் பிறந்தவரின் பிறப்புச் சான்றிதழ்...

முதல் பதிலைப் படியுங்கள். கவுண்ட்டி எல்லையையும் பாருங்கள்.

சியாட்டில் வாசகி: டிஎன்ஏ சோதனை செய்யலாமா?

என் துறை இல்லை. அது தெரிந்தவரிடம் கேளுங்கள்.

பாஸ்டன் வாசகர்: இணையத்தில் 1620 வரை போகும் கொடிவழி கிடைத்தது. சேர்த்துக்கொள்ளவா?

ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு பத்திரமோ உயிலோ காட்டியிருக்கிறார்களா? இல்லையென்றால் வேண்டாம். பத்து வயதுத் தாய்க்குப் பிறந்த பிள்ளையை நாற்பது பேர் நகலெடுத்து வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

டென்வர் வாசகர்: 1842-ல் இந்தியானாவில் பிறந்தவருக்குச் சான்றிதழ்...

எந்தக் கவுண்ட்டி? அதைச் சொல்லுங்கள், சேர்ந்து தேடுவோம்.