மண் வடிகட்டிக்குத் தண்ணி விட்டா போதாது, காயவும் விடணும்

கும்பகோணம் பக்கம் கல்யாண மண்டபம் நடத்துற அண்ணன் ஒருத்தர் கேட்டிருக்காங்க: எஸ்டிபில (கழிவுநீரைச் சுத்தம் பண்ற பிளான்ட்) சுத்தம் பண்ணி வர்ற தண்ணி லேசா மஞ்சளா, வாடையோட வருது, கொல்லையில மணல் குழி வெட்டி அதுல எறக்குனா சரியாயிடுமா, பக்கத்துல போர்வெல் வேற இருக்குன்னு.

பெரும்பகுதி சரியாகும் அண்ணே. ஆனா மணல் சலிச்சு எடுக்குறதால மட்டும் இல்ல, சலிப்புல நிக்குறது மிதக்குற தூசிதான். தண்ணியில கரைஞ்சிருக்குற அழுக்கைத் தின்னுறது மணல் மேல வழவழன்னு படிஞ்சு வளர்ற பாக்டீரியா, கொஞ்சம் அழுக்கு களிமண்ணுலயும் ஒட்டிக்கும். சீக்கிரம் மக்குறது எல்லாம் மேல ஒரு மீட்டர் சுமாருக்குள்ளயே பெரும்பாலும் முடிஞ்சிடும், அந்த மஞ்சள் நிறம் இருக்கே அது லேசுல மக்காது, ரொம்ப நாள் மண்ணுக்குள்ள நகர்ந்தாத்தான் குறையும், அப்பவும் கொஞ்சம் மிஞ்சும். புது மணல்ல பாக்டீரியா வளர பல வாரம் ஆகும், அதனால உடனே ரிசல்ட் எதிர்பாக்காதீங்க. பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணிய தயவுசெஞ்சு அதுல விடாதீங்க, வேலை செய்யுற பாக்டீரியாவே செத்துடும்.

நம்மாளுங்க கோட்டை விடுறது காயப்போடுறதுலதான். விடாம தண்ணி நின்னா மேல பாசி மாதிரி ஒரு ஏடு கட்டி அடைச்சுக்கும், கீழ காத்து போகாம மண்ணு கருத்து அழுகின முட்டை வாடை அடிக்கும், மண்ணுல இருக்குற இரும்பும் கரைஞ்சு வரும். ரெண்டு குழியா வெட்டி மாத்தி மாத்தி விடுங்க, ஒண்ணுல தண்ணி நிக்கும்போது இன்னொண்ணு ரெண்டு மூணு நாள் நல்லா காயட்டும், ஏடு சுருண்டு வந்ததும் மம்பட்டியால சுரண்டி எடுத்துருங்க. இஸ்ரேல்ல டெல் அவிவ் பக்கத்துக் கழிவுநீரை 1977லேர்ந்து மணல்மேட்டுல இப்படி மாத்தி மாத்தி விட்டுத்தான் நிலத்துல எறக்குறாங்க.

ஆனா அங்க மணல், உங்க ஊர்ல களி. களியில தண்ணி லேசுல எறங்காது, கோடையில பாளம் பாளமா வெடிச்சுக் கெடந்தா அந்த வெடிப்பு வழியா மண்ணைத் தொடாமலே நேரா கீழ ஓடிரும். அதனால களிய வெட்டி எடுத்துட்டு ஒரு மீட்டருக்குக் குறையாம ஆத்து மணல் மாதிரி மணல் போட்டு, அடியில ஓட்டை போட்ட பைப் வச்சு தண்ணிய தனியா புடிச்சு தென்னைக்கு விடுங்க. உப்பு இதுல போகாது, கழிவுலேர்ந்து உண்டாகுற நைட்ரேட்டும் கீழ எறங்கலாம், அதனால குழிக்கு அடியில தார்ப்பாய் ஷீட் போட்டு, போரை விட்டு எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி வெட்டுங்க. ஐப்பசி கார்த்திகையில நிலத்தடி தண்ணி மேல வந்துட்டா குழி காயவே காயாது, அந்த மாசங்கள்ல இதுல தண்ணி விடாதீங்க.